ஐந்தருவியில் நான் சொன்ன ஆமாம்

எய்யா,

கடையத்தில் பெண் வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. அங்கே நடந்ததை வேறு யாராவது மெட்ராஸுக்கு எழுதிப் போடுவதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும். கல்யாணம் நின்றுவிட்டதோ என்று பதறாதே, நிற்கவில்லை. ஆனால் நடக்கும் என்றும் இந்த நிமிஷம் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது உன் கையில் இருக்கிறது. ஏன் அப்படி என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். குற்றாலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நாளைப் பற்றி நீயும் நானும் இத்தனை வருடங்களில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. உன் கடிதங்களில் சீசன் எப்படி, சாரல் விழுகிறதா என்றுகூட நீ கேட்பதில்லை. தென்காசியில் பிறந்த பிள்ளை சாரலைப் பற்றிக் கேட்காமல் இருக்கிறான் என்றால் எதனால் என்று எனக்குத் தெரியும்.

நான் மேலகரத்துப் பெண். என் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டில் மூன்று பெண்களையும் எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். மூத்த அக்காவுக்கு வாத்தியார் கிடைத்தார், இரண்டாவது அக்காவுக்குப் போஸ்ட் ஆபீஸ்காரர். என் முறை வரும்போது அப்பா இல்லை. அண்ணன் பார்த்து முடித்தது உன் அப்பாவை. அப்போது அவர் ஒரு வைக்கோல் வியாபாரியின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். செங்கோட்டையில் வைக்கோலை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போவார், திரும்பும்போது மரச்சீனிக் கிழங்கோ மரத்தடியோ ஏற்றி வருவார். நீ பிறந்து சில வருடங்களில் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். ஆரியங்காவுக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு அரிசி, மண்ணெண்ணெய், உப்பு, வெங்காயம் எல்லாம் கொண்டுபோகிற வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பாதைக்கு வேறு லாரிக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள் என்பதால்தான் கிடைத்தது. மழைக்காலத்தில் அவர் லாரி ஏறவில்லை என்றால் அங்கே இருக்கிற குடும்பங்களுக்கு அடுப்பு எரியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அது பெருமையாகத் தோன்றியதில்லை. அவர் சட்டையில் இருந்த டீசல் வாடைதான் எனக்குத் தோன்றியது.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது உன்னை லாரியில்தான் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். நீ அவர் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே போவாய். தெரு முனையில் திரும்பும் வரைக்கும் அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். ஒருநாள் என் இரண்டாவது அக்கா வீட்டு விசேஷத்துக்கு மூன்று பேரும் லாரியிலேயே போய் இறங்கினோம். போஸ்ட் ஆபீஸ்காரர் வாசலுக்கு வந்து, “சகலை, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும். கோலத்துல ஆயில் ஒழுகுது” என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரிடம், “இனிமே பள்ளிக்கூடத்துப் பக்கம் லாரி வரக்கூடாது” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நீதான் கேட்டாய். பல நாள் அழுதாய், சாப்பிடமாட்டேன் என்றாய். “லாரிக்காரன் மவன்னு சொன்னா உன்கூட யாரும் சேரமாட்டாங்க” என்று நான்தான் உன் காதில் ஓதி ஓதி அந்த அழுகையை அடக்கினேன். ஹாரன் அடிக்க ஆசைப்பட்ட பிள்ளைக்கு வெட்கப்படச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நீ இத்தனை நாளாக எல்லாப் பாரத்தையும் உன் தலையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ மதுரையில் கடைசி வருடம் படிக்கும்போது சீசனுக்குச் சிநேகிதர்களைக் கூட்டிவருவதாக எழுதினாய். எனக்குக் கை கால் ஓடவில்லை. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உன் அப்பாவிடம், “பிள்ளைகள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாம். அந்த நாலஞ்சு நாளும் நீங்க எஸ்டேட்லயே இருந்துக்கிடுங்க. வெளியூர் போயிருக்காகன்னு சொல்லிக்கிடுதேன்” என்றேன். தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். “சரி. மேல ஒரு கொட்டகை போடுத வேலை கெடக்கு, அதைப் பாக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை முடித்தார். அவ்வளவுதான். இந்தப் பேச்சு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா தற்செயலாக வெளியூரில் இருப்பதாகத்தான் நீ நினைத்திருப்பாய்.

மூன்றாம் நாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு எல்லாரும் தோப்புக்குள் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். நான் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். உன் சிநேகிதர்கள் ஈரத் தலையோடு சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்போது அவர் வந்தார். மலையில் மண் சரிந்து எஸ்டேட் பாதை அடைபட்டுப் போனதால் லாரியை மேலேயே விட்டுவிட்டு நடந்து இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறார். வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்து, நாம் அருவிக்குப் போயிருக்கிறோம் என்று தெரிந்து நேரே வந்துவிட்டார். தோளில் ஒரு பலாப்பழம். முழங்கால் வரை செம்மண் சேறு. உன்னைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. முகமெல்லாம் சிரிப்பாக வந்தவர், நம்மை நெருங்க நெருங்க நடையைக் குறைத்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் குறைத்தார் என்று நினைக்கிறேன்.

“யாருடா இது?” என்று உன்னிடம் கேட்டான் கண்ணாடி போட்ட பையன். நீ என்னைப் பார்த்தாய். எய்யா, அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நீ என்னிடம் வழி கேட்டாய். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். நீ, “எங்க லாரி டிரைவர்” என்றாய். அந்தப் பையன் மரியாதை தெரிந்த பையன். என் பக்கம் திரும்பி, “அப்படியாம்மா? அப்போ அங்கிளும் வந்துட்டாங்களா?” என்று கேட்டான். அந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டே, “இவன் விளையாடுதான், இவங்கதான் இவன் அப்பா” என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் உனக்குச் சங்கடமாக இருந்திருக்கும், அதோடு போயிருக்கும். நான், “ஆமாப்பா, டிரைவர்தான். முதலாளி இன்னும் வரல” என்றேன். தெளிவாகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவர் பழத்தை இறக்கினார். “அம்மா, இதை எங்கன வைக்கட்டும்?” என்று என்னைக் கேட்டார். கட்டின பெண்டாட்டியை அம்மா என்று கூப்பிட்டார். நான் கையைக் காட்டினேன், வைத்தார். ஒரு இலையில் சோறு வைத்துக் கொடுத்தேன். தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கண்ணாடிப் பையன் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “அண்ணாச்சி, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்டான். “ஒரு பையன். வெளியூர்ல படிக்கான்” என்றார். “நல்லாப் படிப்பானா?” என்றான். “படிப்பான். அவுக அம்மை மாதிரி” என்றார். இலையை மடித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, என்னைப் பார்த்து, “அப்போ வாரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நீ எழுந்து தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டாய். நீ அழுதாயா என்று எனக்குத் தெரியாது. அருவியில் யார் முகம் நனைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது.

அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், உங்களை யார் அந்தக் கோலத்தில் வரச் சொன்னது என்று நியாயம் பேசியிருப்பேன். கேட்காததால் அது அப்படியே வீட்டுக்குள் கிடந்தது. நீ பாங்கில் வேலை கிடைத்து மெட்ராஸ் போனாய். தீபாவளிக்குக்கூட ஒரு பகல் இருந்துவிட்டு ரயிலேறிவிடுவாய். கடிதமெல்லாம் என் பெயருக்கே எழுதினாய். மகன் நம்மைக் கேவலமாக நினைக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்று நீ நினைத்துக்கொண்டாய். இரண்டு பேர் மனதிலும் இருந்தது எனக்குத் தெரியும். நடுவில் இருந்த நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் உங்கள் இருவரையும் பேச வைத்தால் அந்தப் பேச்சு கடைசியில் என் வாயிலிருந்து வந்த அந்த ‘ஆமாம்’ என்ற வார்த்தையில் வந்து நிற்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காக ஒரு தகப்பனையும் பிள்ளையையும் இத்தனை வருடம் பிரித்து வைத்திருந்தேன். குற்றாலத்தில் சொன்னது ஒரு நொடியில் வாய் தவறியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நான் இருந்த மௌனத்துக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது.

கடையத்து வரன் வந்தபோது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அப்பா டிரான்ஸ்போர்ட் அதிபர் என்று உன்னைச் சொல்லச் சொன்னேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா வெளியூரில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லி என் அண்ணனை முன்னால் நிறுத்தித் தாம்பூலம் மாற்றினேன். நீயும் பக்கத்தில் பேசாமல் நின்றாய். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது, தேதியைக் கேட்டுக்கொண்டு, “அன்னைக்கு எனக்கு எஸ்டேட்டுக்கு லோடு இருக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே என் மனதில் இருந்ததை எடுத்துக் கொடுக்கிறார் என்று புரிந்தது. அப்போதுதான், எய்யா, எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

போன வாரம் அவருடைய கிளீனருக்குக் காய்ச்சல். மறுநாள் மலைக்குத் தனியாகப் போகப் போவதாகச் சொன்னார். “நான் வாரேன்” என்றேன். நம்பாமல் பார்த்தார். கல்யாணம் முடித்து வந்த இத்தனை வருடங்களில் நான் ஒருநாளும் அந்தப் பாதையில் அவரோடு போனதில்லை. காலையில் செங்கோட்டையில் மூட்டை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். புளியரை தாண்டி வளைவில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆரியங்காவில் டீ குடிக்க நிறுத்தினார். கடைக்காரர் மலையாளத்துக்காரர், தமிழும் பேசுவார். என்னை எட்டிப் பார்த்து, “ஆரா அண்ணாச்சி, வண்டியில?” என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், “முதலாளியம்மா” என்றார். குத்திக்காட்ட அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னார். ஐந்தருவியில் நான் எழுதிக் கொடுத்த வேஷத்தை அவர் இன்னும் கலைக்காமல் வைத்திருந்தார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். “நான் இவுக வீட்டுக்காரி” என்றேன். கடைக்காரர் அவரைப் பார்த்தார். உன் அப்பா டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்கும் ஒரு டீ குடுங்க” என்று கேட்டு வாங்கி, அங்கே நின்ற லாரிக்காரர்களோடு நின்று குடித்தேன்.

அதற்கு மேல் எஸ்டேட் பாதை. அதைப் பாதை என்று சொல்வதே அதிகம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி ஒரே திருப்பில் திரும்பாது. பாதி திருப்பி, பின்னால் பள்ளத்தின் ஓரம் வரை வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். பின்னால் வரும்போது ஒருவர் இறங்கி நின்று, சரியான இடத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். “நீ இறங்க வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நான் இறங்கிவிட்டேன். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் நின்றேன். அந்த இரட்டைச் சக்கரம் என்னை நோக்கி வந்தது. “போடு” என்று கத்தினார். போட்டேன். சக்கரம் கட்டையில் ஏறி முனகி நின்றது. எனக்குப் பின்னால் ஒரு எட்டு வைத்தால் பள்ளம். இந்த வளைவை இவர் எத்தனை நடை தாண்டியிருப்பார் என்று நினைத்தேன். நீ படித்த படிப்பும் நான் உடுத்திய பட்டும் இந்த வளைவைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. வண்டிக்குள் ஏறியபோது என் கால் முழுக்கச் செம்மண் சேறு. அவர் அதைப் பார்த்துவிட்டு, “கட்டையை நேரா வைக்கணும்ட்டி. நீ கோலம் போடுத மாதிரில்லா வைக்கே” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன்.

“குத்தாலத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன். அவர் பாதையைப் பார்த்தே பேசினார். “எனக்குக் கோவம்லாம் வரல. சேறுங்காலுமா வந்து நின்னுட்டமேன்னுதான் இருந்துச்சு. வழியில ஆத்துல இறங்கிக் குளிச்சிட்டு, வேட்டிய மாத்திக்கிட்டு வந்திருக்கலாம்.” தன்னை இல்லையென்று சொன்னவர்கள் முன்னால், அந்த மனிதர் தான் அழுக்காக வந்ததற்கு வெட்கப்பட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும், “அவன் சின்னப் பய. பயந்துட்டான். அது எனக்கு ஒண்ணுமில்ல. நீ ஆமான்னு சொன்ன பாரு…” என்று ஆரம்பித்து, கியரை மாற்றினார். மன்னிச்சிருங்க என்று நான் வாயெடுத்தபோது, “பாதையைப் பாக்கணும்” என்று நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு வாருங்கள் என்றேன். “அவன் என்னயக் கூப்பிடலியே. உனக்குல்லா எழுதுதான்” என்றார். அது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்றேன். “அப்படியா எழுதியிருக்கான்?” என்று ஆசையாகத் திரும்பிக் கேட்டார். நீ அப்படி எழுதவில்லை. பொய் சொல்லிப் பழகிய என் வாய்க்கு அந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை.

எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிற பெண்கள், டிரைவர் அண்ணாச்சி வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, தன்னைப் பிரசவ வலியோடு இந்த லாரியில்தான் தென்காசி ஆஸ்பத்திரிக்கு இறக்கினார் என்று சொல்லி அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினாள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் என்றைக்காவது, இன்றைக்கு மலையில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் குளித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இன்று பஸ் ஏறிக் கடையம் போனேன். உன் மாமனார் களத்தில் இருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா அதிபர் இல்லை, ஒரே ஒரு லாரி, அவரேதான் ஓட்டுகிறார் என்றேன். அவர் முகம் மாறவில்லை. “தெரியும் மைனி” என்றார். “பொண்ணு குடுக்குதவன் விசாரிக்காமலா இருப்பேன். நீங்களா எப்ப சொல்லுதியன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்.” அவர் விடவில்லை. “நிச்சயத்தன்னைக்கு அவுக வெளியூர்ன்னீங்க. நான் அன்னைக்குக் காலையிலதான் வெத்தலை வாங்கச் செங்கோட்டை போயிருந்தேன். அவுக அங்கன தார்ப்பாய் கட்டிக்கிட்டு நின்னாவ. லாரி ஓட்டுதது எனக்குப் பெரிசில்ல. பெத்தவர ஒளிச்சு வைக்குத வீட்டுல என் பிள்ளைய எப்படி விட?” என்றார். அவர் மனைவி காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது அந்தப் பெண் கதவோரம் வந்து நின்றாள். “அத்தை, அதிபர்னு உங்க மகனா சொன்னாங்களா, நீங்க சொல்லச் சொன்னியளா?” என்று கேட்டாள். “நான்தாம்மா சொல்லச் சொன்னேன். அவனுக்குச் சின்ன வயசுலேருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்றேன். அவள், “மாமா வந்து அப்பாகிட்ட உக்காந்து பேசுனா அப்பா சரிம்பாங்க” என்று சொன்னாள். உன் மாமனாரும், “அவரு வரட்டும். அவரு கையால தாம்பூலம் மாத்தட்டும். அதுக்கப்புறம் பந்தக்கால் நடுதேன்” என்றார். நல்ல பெண், எய்யா. நேருக்கு நேர் கேட்கிறாள். அவளிடம் எதையும் மறைக்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளாதே. என்னிடம் இருந்து நீ வாங்கிய பழக்கம் அது, அதை என்னிடமே விட்டுவிட்டுப் போ. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறதோ அதைப் பார்த்தே சந்தோஷப்பட விடு. ஊர் என்ன சொல்லும் என்பதை அதன் காதில் ஊற்றாதே.

இப்போது நடக்க வேண்டியது இது. உன் அப்பா கடையம் போனால்தான் கல்யாணம். நீ கூப்பிட்டால்தான் அவர் போவார். என்னால் கூப்பிட முடியாது, அந்த உரிமையை நான் தொலைத்துவிட்டேன். லீவு போட்டுவிட்டு வா. முதலில் வீட்டுக்கு வராதே. வீட்டுக்கு வந்தால் நான் இருப்பேன், நடுவில் புகுந்து ஏதாவது பேசிவிடுவேன், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் பேசியது போதும். தென்காசியில் இறங்காமல் செங்கோட்டை வரை வந்து ரயிலை விட்டு இறங்கி நேரே லோடு ஏற்றுகிற இடத்துக்குப் போ. காலை நேரத்தில் அவர் அங்கேதான் லாரிக்கு அடியில் எதையாவது முடுக்கிக்கொண்டு கிடப்பார். சுற்றிலும் லோடுமேன்களும் மற்ற டிரைவர்களும் நிற்பார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்காதே. மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, அவருக்கு அதைத் தாங்க முடியாது, பாதையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “அப்பா, வெளிய வாங்க, என் கல்யாணத்துக்குப் பேசப் போகணும்” என்று சொல். அவர் குளித்துவிட்டு வருகிறேன் என்பார், வேட்டி மாற்ற வேண்டும் என்பார். வேண்டாம் என்று சொல். இருக்கிறபடியே கூட்டிக்கொண்டு போ.

உன் அம்மா.